பெரிய மின்மை எழுதுபலகை: திருகோணமலையில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர். உறுதி, பிறப்புச் சான்றிதழ், நீதிமன்றக் கட்டளை என்று நாள் முழுவதும் பிறர் எழுதியதை வாசித்து, ஓரத்தில் குறிப்பெழுதி, திருத்தி, மறுபடியும் வாசிப்பதுதான் தொழில். அந்த வேலையில் பெரும்பகுதியை இப்போது 13.3 அங்குல மின்மைத் (மின் மை, ஆங்கிலத்தில் இ-இங்க்) திரை கொண்ட எழுதுபலகையில் செய்கிறேன். மேசையில் அதைக் கண்ட சட்டத்தரணிகள், ஆசிரியர்கள், உயர்தர மாணவர்கள், அவர்களின் பெற்றோர் எல்லாரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களையே கேட்கிறார்கள். தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அக்கா, இதுவும் ஒரு டெப் தானே? என்ன பெரிய வித்தியாசம்?

வித்தியாசம் திரையில் இருக்கிறது. கைத்தொலைபேசியின் திரை தன் வெளிச்சத்தை நம் கண்ணுக்குள் அனுப்புகிறது. மின்மைத் திரை தாளைப்போல வெளி வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருகிறது. அதனுள் தலைமயிர்த் தடிப்பளவே உள்ள நுண்குமிழ்கள் நிறைந்திருக்கின்றன. ஒவ்வொரு குமிழிலும் வெள்ளைத் துணிக்கைகளும் கறுப்புத் துணிக்கைகளும் எதிரெதிரான மின்னேற்றத்துடன் ஒரு தெளிந்த திரவத்தில் மிதக்கின்றன. மின்புலத்தின் திசைக்கேற்ப ஒன்று மேலே வரும், மற்றது கீழே இறங்கும். வந்த இடத்தில் மின்சாரம் இல்லாமலே நிற்கும். அணைத்து வைத்த பலகையிலும் ஒரு பக்கம் அப்படியே தெரிவது இதனால்தான்.

அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கல்வியகத்தில் நடந்த ஆய்விலிருந்து 1997இல் இ-இங்க் நிறுவனம் பிறந்தது. 2009இல் அதைத் தாய்வான் நிறுவனம் ஒன்று வாங்கியது. இன்று எந்தப் பெயரில் எழுதுபலகை வந்தாலும் உள்ளே இருக்கும் திரை பெரும்பாலும் அந்த ஒரே இடத்தில் செய்யப்பட்டதுதான். ஆகவே ஒன்றோடொன்றை ஒப்பிடும்போது அளவு, பேனை, மென்பொருள் ஆகிய மூன்றையும் பாருங்கள்.

வெயிலில் தெரியுமா?

வெயிலில்தான் மிக நன்றாகத் தெரியும். டச்சுக் குடாக் கடற்கரையில் காலை பத்து மணிக்குக் கைத்தொலைபேசித் திரையில் நம் முகம்தான் தெரியும். அதே இடத்தில் இந்தப் பலகை அச்சிட்ட தாளாகவே நிற்கும். ஒன்று மட்டும் கவனியுங்கள். இத்திரைகள் பொதுவாக 50 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்துக்கே செய்யப்பட்டவை. வெயிலில் நிறுத்திய வாகனத்தின் முன்கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

கண்ணுக்கு நல்லது என்கிறார்களே, உண்மையா?

எனக்கு நல்லதாக இருக்கிறது. மடிக்கணினியில் ஐந்து மணிநேரம் வாசித்த நாளில் வரும் எரிச்சல், பலகையில் வாசித்த நாளில் வருவதில்லை. இதற்குமேல் நான் சொன்னால் அது மருத்துவம் ஆகிவிடும். கண்ணாடி மாற்ற வேண்டியவருக்குக் கண்ணாடிதான் தீர்வு.

10.3 அங்குலம் விலை குறைவு. அது போதாதா?

நீங்கள் என்ன வாசிக்கப் போகிறீர்கள் என்பதில் இருக்கிறது பதில். 10.3 அங்குலத் திரை ஏறத்தாழ 157 மில்லிமீற்றர் அகலம், 209 மில்லிமீற்றர் உயரம். அதாவது ஏ5 தாள், நம் சிறிய கொப்பி அளவு. ஏ4 தாளில் உள்ள ஆவணத்தை அதில் முழுமையாகக் காட்டினால் 70 சதவீதமாகச் சுருங்கும். 12 புள்ளி எழுத்து எட்டரைப் புள்ளிக்குக் கீழே போய்விடும். ஆங்கிலத்தை அந்த அளவில் வாசிக்கலாம். தமிழில் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ‘ண’வும் ‘ன’வும் ஒன்றுபோலத் தெரியும். என் தொழிலில் அந்த ஒரு சுழி ஒருவருடைய பெயரையே மாற்றிவிடும்.

13.3 அங்குலம் 203க்கு 270 மில்லிமீற்றர். ஏ4 பக்கம் 91 சதவீதமாக விழும். ஓர வெள்ளையை வெட்டிவிட்டால் ஏறக்குறைய தாளின் சொந்த அளவு. 14 அங்குல நீளத் தாளில் வரும் ஆவணங்களுக்கு இதுவும் போதாது. அவற்றை நான் மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்தே வாசிக்கிறேன்.

சொந்தக் குறிப்பு எழுதவும் நாவல் வாசிக்கவும் 10.3 அங்குலம் தாராளம். ரீமார்க்கபிள் 2, கோபோ எலிப்சா இரண்டும் அந்த அளவு, கிண்டில் ஸ்கிரைப் 10.2 அங்குலத்தில் 2022இல் வந்தது. ரீமார்க்கபிள் பேப்பர் புரோ 11.8 அங்குலத்துடன் நடுவில் நிற்கிறது. 13.3 அங்குலத்தில் 2017இல் வந்த சோனியின் பலகை 349 கிராம் மட்டுமே. 10.3 அங்குல ரீமார்க்கபிள் 2 அதைவிடப் பாரம், 403 கிராம். திரையின் அடித்தளத்தைக் கண்ணாடியில் செய்யாமல் பிளாஸ்டிக்கில் செய்ததால் சோனிக்கு அந்த இலேசு வந்தது. பூக்ஸ் நிறுவனமும் 13.3 அங்குலத்தில் அன்ட்ரொயிட் பலகைகள் செய்திருக்கிறது. பிறர் எழுதிய ஏ4 பக்கங்களைத் தினமும் திருத்துகிறவர் பெரியதையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பக்கத்தைப் பெரிதாக்கி இழுத்து இழுத்து வாசிப்பது மின்மைத் திரையில் மிகவும் மெதுவானது, இரண்டாம் நாளே சலித்துவிடும்.

எழுதினால் கொப்பியில் பேனையால் எழுதுவதுபோல இருக்குமா?

பென்சிலால் எழுதுவதுபோல இருக்கும். கண்ணாடித் திரையில் முனை வழுக்கிக்கொண்டு ஓடும், ‘ழ’வின் கீழ்க்கொக்கி நினைத்த இடத்தைத் தாண்டிப் போய்விடும். இங்கே மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பானது, முனை மென்மையானது. எழுதும்போது மெல்லிய உராய்வுச் சத்தம் கேட்கும். கையெழுத்து என் கையெழுத்தாகவே வருகிறது. கை நகர்ந்து சில மில்லிசெக்கன் கழித்தே கோடு தெரியும். ரீமார்க்கபிள் 2க்கு அந்தத் தாமதம் 21 மில்லிசெக்கன் என்று நிறுவனம் சொல்கிறது. எழுதும் வேகத்தில் அதை உணர முடியாது. படம் வரைபவர்களுக்கு உணர முடியும்.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் உண்டு. அது புள்ளி. தாளில் நாம் புள்ளியை எழுதுவதில்லை, தொட்டுவிட்டுப் போகிறோம். என் பலகை அந்த மெல்லிய தொடுகையைச் சிலவேளைகளில் கணக்கில் எடுக்காது. முதல் கிழமை எழுதிய குறிப்புகளில் ‘பத்திரம்’ பல இடங்களில் ‘பததிரம்’ ஆக நின்றது. இப்போது புள்ளியைக் குத்தாமல், கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய கோடாக இழுக்கிறேன், தவறுவதில்லை. வாங்கும் முன் கடையிலோ நண்பரிடமோ எழுதிப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் ‘க்’, ‘ட்’, ‘ப்’ என்று வேகமாகப் பத்து வரி எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் கையொப்பம் போட்டுப் பார்த்துத் திருப்திப்படுவது போதாது.

பேனைக்குப் பற்றரி போட வேண்டுமா? தொலைந்தால் என்ன செய்வது?

பெரும்பாலான பலகைகளில் வேண்டியதில்லை. திரைக்குப் பின்னால் உள்ள தகடு ஒரு மின்காந்தப் புலத்தை எழுப்புகிறது, பேனைக்குள் இருக்கும் சிறிய கம்பிச்சுருள் அதிலிருந்தே சக்தி பெற்றுப் பதில் அனுப்புகிறது. வாக்கொம் நிறுவனத்தால் பரவலான முறை இது. இதனால் ஒரு நன்மை, ரீமார்க்கபிள் 2, கிண்டில் ஸ்கிரைப், சுப்பர்நோட் போன்றவற்றின் பேனைகள் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று உதவும். ரீமார்க்கபிள் பேப்பர் புரோ இதற்கு விலக்கு. அதன் பேனைக்கு மின்னேற்ற வேண்டும், வேறு பேனை அதில் எழுதாது.

மென்மையான முனை தேயும், அது உராய்வுக்குக் கொடுக்கும் விலை. எனக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முனை போகிறது. சுப்பர்நோட் தேயாத பீங்கான் முனையை வைத்து, திரைமேல் மென்மையான படலத்தை ஒட்டியிருக்கிறது. எதை வாங்கினாலும் முனைகளை ஒரு வருடத்துக்குப் போதுமானதாகச் சேர்த்தே வாங்குங்கள். திருகோணமலையில் எந்தக் கடையிலும் நான் அவற்றைக் கண்டதில்லை.

பற்றரி இரண்டு கிழமை நிற்குமாமே?

தினமும் சிறிது நேரம் பாவித்து, வைஃபையை நிறுத்தி வைத்தால் நிற்கும். பக்கம் மாறும்போது மட்டும் திரை மின்சாரம் எடுப்பதே காரணம். ஆனால் எழுதும்போது திரை ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது. நாளுக்கு ஆறு மணிநேரம் எழுதுகிற எனக்கு மூன்று நாள் வருகிறது.

2022 மார்ச்சில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தபோது என் மடிக்கணினி மேசையில் செத்துக் கிடந்தது. பலகை ஓடியது. ஆனால் என்னுடையதில் உள்விளக்கு இல்லை. இருட்டில் தாள் எப்படியோ இதுவும் அப்படித்தான். அரிக்கன் லாம்பை இடப்பக்கம் வைத்துத்தான் திருத்தினேன். உள்விளக்கு வைத்தால் பேனை முனைக்கும் எழுத்துக்கும் இடையே கண்ணாடி ஒரு படி தடிக்கும் என்பதால் சில நிறுவனங்கள் அதைத் தவிர்க்கின்றன. நம் ஊர் நிலைமைக்கு விளக்குள்ளதையே சிபாரிசு செய்கிறேன்.

தமிழில் கையால் எழுதினால் தட்டச்சாக மாற்றித் தருமா?

மாதிரியைப் பொறுத்தது. ‘முப்பது மொழி, ஐம்பது மொழி’ என்று விளம்பரத்தில் இருப்பதை நம்பாமல், பட்டியலில் தமிழ் என்ற பெயரைக் கண்ணால் பார்த்த பிறகு வாங்குங்கள். அன்ட்ரொயிட் பலகையில் கூகுளின் ஜிபோர்ட் விசைப்பலகையைப் போடலாம், அதில் தமிழுக்குக் கையெழுத்து உள்ளீடு உண்டு. ஒரு சொல்லாக, ஒரு வரியாக எழுதினால் நன்றாகவே புரிந்துகொள்கிறது. ‘ர’வையும் துணைக்காலையும் மாற்றிவிடும், கிரந்த எழுத்தில் தடுமாறும். பக்கக் கணக்கில் மாற்றுவதற்கு நான் அதை நம்புவதில்லை. கையால் திருத்துகிறேன், மடிக்கணினியில் தட்டச்சு செய்கிறேன்.

பாமினியில் அடித்த கோப்பு திறக்குமா? எனக்கு வெறும் ஆங்கில எழுத்தாக வருகிறது.

நம் நாட்டில் இந்தக் கேள்வி இன்னும் பல வருடம் இருக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில்தான் தமிழ் உருவம் உட்கார்ந்திருக்கிறது. எழுத்துரு இல்லாத கருவியில் கோப்பைத் திறந்தால் உள்ளே இருக்கும் ஆங்கில எழுத்துகள் வெளியே வந்துவிடும். அனுப்புகிறவரிடம் எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆகக் கேளுங்கள், அப்போது எந்தப் பலகையிலும் சரியாகத் தெரியும். அதிலும் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது, பார்வைக்கு மட்டுமே தமிழ். தேட வேண்டுமானால் கணினியில் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிவிட்டுப் பலகைக்கு அனுப்புங்கள்.

நூலகம் தளத்தில் உள்ள பழைய புத்தகங்களை வாசிக்க உதவுமா?

இதற்காகவே ஒருவர் இதை வாங்கினாலும் நான் தடுக்க மாட்டேன். 2005இலிருந்து நூலகம் திட்டம் சேர்த்துவரும் ஈழத்துத் தமிழ்ப் புத்தகங்களும் சஞ்சிகைகளும் பழைய பத்திரிகைகளும் பெரும்பாலும் பக்கம் பக்கமாக ஒளிவருடிய பிடிஎஃப்கள். எழுத்தைப் பெரிதாக்கி ஒழுங்குபடுத்த முடியாது, பக்கம் அப்படியே வரும். 13.3 அங்குலத்தின் பலம் இங்கேதான் தெரியும். ஒரு பழைய சஞ்சிகைப் பக்கத்தை அதன் சொந்த அளவில் மடியில் வைத்து வாசிக்கலாம், ஓரத்தில் எழுதலாம், எழுதியது மூலத்தைக் கெடுக்காது.

மஞ்சளான தாளின் படம் மின்மைத் திரையில் சாம்பல் நிறமாக, எழுத்து அமுங்கித் தெரியும். அன்ட்ரொயிட் வகைகள் சிலவற்றில் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டும் வசதி உண்டு. அதைப் பாதிக்குமேல் ஏற்றினால் தாள் வெளுத்து எழுத்து எழும்பும். செய்தித்தாள் பக்கம் மட்டும் எந்த அளவுக்கும் அடங்காது. மதுரைத் திட்டம் 1998இலிருந்து இணையத்தில் வெளியிட்டுவரும் இலக்கியங்கள் தட்டச்சு செய்தவை, சிறிய பலகையிலும் சிரமமில்லை.

மகள் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். வாங்கிக் கொடுக்கலாமா மிஸ்?

கடந்தகால வினாத்தாள்களை வைத்துப் பயிற்சி செய்வதற்கு நல்லது. பத்து வருட வினாத்தாள், புள்ளித்திட்டம், ரியூஷன் குறிப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும், போட்டோக்கொப்பிச் செலவு குறையும், இடையில் அறிவித்தல்களும் வந்து குறுக்கிடாது. ஆனால் உயிரியலுக்கு நிறம் வேண்டும். கறுப்பு வெள்ளைத் திரையில் நாடியும் நாளமும் ஒரே சாம்பல். நிறத்திரை என்று விற்கப்படும் கலைடோ வகையில் எழுத்து அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் நிறம் 150 புள்ளிதான், வடிகட்டி இருப்பதால் திரையும் சற்று இருண்டிருக்கும். நிறம் பிரித்துக் காட்டுமே தவிர, பாடப்புத்தகத்தின் பளிச்சென்ற நிறம் வராது.

இன்னொன்றையும் யோசியுங்கள் அம்மா. பரீட்சை மண்டபத்தில் மூன்று மணிநேரம் தாளில்தான் எழுத வேண்டும். அழித்து அழித்து எழுதப் பழகிய கை அங்கே தடுமாறும். கட்டுரை வினாக்களைக் கட்டாயம் தாளில் எழுதிப் பழக விடுங்கள். சாதாரண தரப் பிள்ளைக்கு இப்போது வேண்டாம், நல்ல கொப்பிகள் போதும்.

வாட்ஸ்அப், யூடியூப் வேலை செய்யுமா?

அன்ட்ரொயிட் வகையில் வேலை செய்யும். காணொளி பார்க்கும்படியாக இருக்காது. ரீமார்க்கபிளில் இரண்டும் இல்லை, அதை ஒரு பலமாகவே எண்ணுகிறேன்.

முந்தைய பக்கத்தின் நிழல் புதிய பக்கத்தில் தெரிகிறது. என் பலகை பழுதா?

பழுதில்லை. முதல் பதிலில் சொன்ன துணிக்கைகள் எல்லாம் ஒரே வேகத்தில் இடம் மாறுவதில்லை. சில பின்தங்கி நிற்பதுதான் அந்த நிழல். முழுத் திரையும் ஒருமுறை கறுத்து வெளுத்தால் போய்விடும். எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை அப்படித் துடைக்க வேண்டும் என்று அமைப்புகளில் குறிக்கலாம், நான் ஐந்து என்று வைத்திருக்கிறேன். வேகமான காட்சிமுறையைத் தெரிவு செய்தால் நிழல் கூடும். துடைத்த பிறகும் ஒரே இடத்தில் நிற்கும் கோடு மட்டுமே கவலைக்குரியது.

பயணத்தில் கொண்டுபோகலாமா? உடையுமா?

உடையும். இதன் மிகப் பெரிய பலவீனம் இதுதான். என் முதல் பலகையைக் கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் இழந்தேன். துணி உறையில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன், பை மடியில்தான் இருந்தது. ஹபரணைக்கு அருகே பஸ் சட்டென்று நிற்க, பக்கத்திலிருந்தவரின் முழங்கை பையில் அழுந்தியது. சத்தம் எதுவும் கேட்கவில்லை. திறந்து பார்த்தபோது மேற்கண்ணாடி முழுதாக இருந்தது. அதன் அடியில் இடமிருந்து வலமாக ஒரு கறுப்புப் பட்டை, அதிலிருந்து மயிரிழைபோல நாலு கோடுகள். பாதி மொழிபெயர்த்திருந்த பக்கம் அந்தப் பட்டைக்கு மேலேயும் கீழேயும் உறைந்து நின்றது. விற்றவர் அழுத்தத்தால் வந்த உடைவு உத்தரவாதத்துக்குள் வராது என்று ஒரே வரியில் பதில் அனுப்பினார். திரை மாற்றும் செலவு புதியதன் விலையை நெருங்கியது.

அதன் பிறகு தடித்த, வளையாத அட்டை உறை இல்லாமல் வெளியே எடுப்பதில்லை. காந்த மூடியுள்ள உறை சில பலகைகளில் அந்தப் பக்கத்துக் கோட்டை நெளிக்கும், எழுதிப் பார்த்து வாங்குங்கள். கடற்கரை ஊரில் மணலும் பகைதான். உள்ளங்கைக்குக் கீழே ஒரு மணல் அகப்பட்டால் படலத்தில் நிரந்தரக் கீறல். எழுதும் முன் உலர்ந்த மென்துணியால் ஒருமுறை துடைக்கிறேன். உப்புக் காற்று மின்னேற்றும் வாயில் பச்சை பிடிக்கச் செய்யும், அதற்கு ஒரு றப்பர் அடைப்பான் போதும்.

கட்சிக்காரரின் ஆவணத்தை இதில் வைப்பது பாதுகாப்பா?

நீங்கள் அமைக்கும் விதத்தில் இருக்கிறது. பெரும்பாலான பலகைகள் குறிப்புகளைத் தங்கள் நிறுவனத்தின் சேவையகத்துக்கு அனுப்பும் வசதியுடன் வருகின்றன. அந்தச் சேவையகம் வேறு நாட்டில் இருக்கலாம். ஒருவருடைய காணி விபரமும் பிறப்பு விபரமும் நம்மை நம்பித் தரப்பட்டவை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நம் நாட்டில் இருக்கிறது. நான் வைஃபையை நிறுத்தியே வைத்திருக்கிறேன், கோப்புகளைக் கம்பி மூலம் மாற்றுகிறேன், கடவுச்சொல் போட்டிருக்கிறேன், வேலை முடிந்ததும் ஆவணத்தை அழித்துவிடுகிறேன்.

அப்படியானால் இதிலேயே கையொப்பமிட்டு அனுப்பிவிடலாமே?

உள்ளகக் கடிதத்துக்குச் சரி. சான்றுரைக்கு நான் செய்வதில்லை. மையால் கையொப்பமிட்டு, முத்திரை வைத்து, தாளிலேயே கொடுக்கிறேன். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் மரணசாசனம், அற்றோணித் தத்துவம், காணிக் கைமாற்றம் ஆகியவற்றைத் தன் எல்லைக்கு வெளியே வைத்திருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. கறுப்பு வெள்ளைத் திரையில் நீல மையும் சிவப்பு முத்திரையும் தெரியாது. கையில் இருப்பது மூலமா பிரதியா என்று பார்க்க வேண்டிய இடத்தில் நான் பலகையை மூடிவிட்டு, தாளை யன்னலடிக்குக் கொண்டுபோகிறேன்.

பாவித்த பலகை ஒன்று விலைக்கு வருகிறது. என்ன பார்த்து எடுக்க வேண்டும்?

வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, திரையைச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் கீறல் பாருங்கள். பிறகு முழுக் கறுப்புப் பக்கம், வெளிறிய கோடு இருந்தால் அதில் தெரியும். அடிமட்டம் ஒன்றைத் திரைமேல் மெதுவாக வைத்து, மூலைக்கு மூலை நிதானமாகக் கோடு இழுங்கள். நடுவில் சிறிது நெளிவது வழக்கம், ஓரத்தில் படி படியாக உடைந்தால் பேனைத் தகட்டில் கோளாறு. அரை மணிநேரம் எழுதிக்கொண்டே பேசுங்கள், பற்றரி எத்தனை சதவீதம் இறங்கியது என்பது அதற்குள் தெரிந்துவிடும். அன்ட்ரொயிட் வகையானால் அதன் பதிப்பு எது, உங்களுக்கு வேண்டிய செயலி அதில் ஏறுமா என்றும் பாருங்கள்.

கடைசியாக, விற்பவர் தன் கணக்கை உங்கள் கண்முன்னே நீக்கி, பலகையை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவர வேண்டும். அவர் அதைச் செய்து முடித்து, நீங்கள் உங்கள் பெயரில் திறந்து ஒரு பக்கம் எழுதிப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.